ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார்: அனுமதி யாருடையது, பொறுப்பு யாருடையது?

2025 செப்டம்பரில் சான் புருனோ நகரக் காவலர்கள், மது அருந்தி வாகனம் ஓட்டுவோரைக் கண்டறியும் இரவுச் சோதனையின்போது, விதிக்கு மாறாகச் சாலையில் திரும்பிய ஒரு காரை நிறுத்தினர். அருகில் சென்று பார்த்தபோது ஓட்டுநர் இருக்கையில் எவரும் இல்லை. அபராதச் சீட்டில் ஓட்டுநரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் எழுதுவதற்குப் பெயரில்லாததால், காவலர்கள் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு நடந்ததைத் தெரிவித்துவிட்டுக் காரை அனுப்பிவைத்தனர். அச்செய்தி பலருக்கும் வேடிக்கையாகத் தோன்றியது. ஆனால் வீட்டு வாசலில் அத்தகைய கார்கள் நாள்தோறும் கடந்து செல்வதைக் காணும் குடியிருப்பாளருக்கு அதில் வேடிக்கையல்லாத ஒரு கேள்வியும் இருக்கிறது. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இச்சேவை 2025இல் தீபகற்ப நகரங்கள் வழியாகச் சான் ஹோசே வரை விரிந்துவிட்டது. வேமோ நிறுவனத்தின் வெள்ளை நிறக் கார்களை அறியாதவர் இப்பகுதியில் அரிது. அவற்றை இயக்குவதற்கான கலிபோர்னியா மாநில விதிகளையும், அவ்விதிகளின்படி ஒரு குடியிருப்பாளருக்கு உள்ள உரிமைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு கதவுகள், இரண்டு சாவிகள்

நகர மன்றம் ஏன் இவற்றை அனுமதித்தது என்பதே பலரும் முதலில் எழுப்பும் கேள்வி. நகர மன்றம் அனுமதிக்கவில்லை. அனுமதிக்கவோ மறுக்கவோ அதற்கு அதிகாரமும் இல்லை. இதை விளங்கிக்கொள்ள மஞ்சள் நிற டாக்சியோடு ஒப்பிடுவது உதவும். கலிபோர்னியாவில் டாக்சிகளை ஒழுங்குபடுத்துவது நகரங்களும் கவுண்டிகளும். ஆனால் முன்பதிவின்பேரில் பயணிகளை ஏற்றிச் செல்லும் தனியார் வாடகை வாகனங்கள் மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின்கீழ் வருகின்றன. ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார் சட்டத்தின் பார்வையில் டாக்சி அன்று. அது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே அது நகரத்தின் கையைவிட்டு மாநிலத்தின் கைக்குப் போய்விட்டது.

மாநிலத்திலும் ஓர் அமைப்பு மட்டும் போதாது. வாகனம் சாலையில் ஓடத் தகுதியானதா என்பதைத் தீர்மானிப்பது மோட்டார் வாகனத் துறை, அதாவது ஓட்டுநர் உரிமத்துக்காக அனைவரும் வரிசையில் நிற்கும் அதே டி.எம்.வி. அந்த வாகனத்தில் பொதுமக்களை ஏற்றிக் கட்டணம் வாங்கலாமா என்பதைத் தீர்மானிப்பது பொதுப் பயன்பாட்டு ஆணையம். முன்னதன் ஒப்புதல் இல்லாமல் பின்னது ஒப்புதல் தராது.

டி.எம்.வி.யின் அதிகாரம் 2012இல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து பிறந்தது. அதன்படி 2014இல் சோதனை ஓட்டங்களுக்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பயிற்சி பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் கட்டாயம் அமர்ந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில்தான் எவரும் அமராத வாகனத்துக்கு வழி திறந்தது. இப்போது டி.எம்.வி. மூன்று வகை அனுமதி தருகிறது: மனிதர் அமர்ந்த சோதனை, மனிதர் இல்லாத சோதனை, பொதுப் பயன்பாட்டுக்கான இயக்கம். மூன்றுக்குமே நிறுவனம் 50 லட்சம் டாலர் அளவுக்குக் காப்பீடோ பிணையமோ காட்டியாக வேண்டும். ஒரு சாதாரணக் கார் உரிமையாளருக்குக் கலிபோர்னியா 2025 முதல் வற்புறுத்தும் குறைந்தபட்சக் காப்பீடு, காயமடையும் ஒருவருக்கு 30,000 டாலர் மட்டுமே என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆணையமும் தன் பங்குக்குப் படிப்படியாகவே அனுமதி தருகிறது. முன்னோட்டக் கட்டத்தில் உள்ள நிறுவனம் பயணிகளை ஏற்றலாம். கட்டணம் வாங்கக் கூடாது. இயக்க அனுமதி பெற்ற பின்னரே கட்டணம் வசூலிக்கலாம். ஆகவே மனிதரே இல்லாத ஒரு கார் கட்டணம் கேட்கிறது என்றால், அந்நிறுவனத்திடம் ஆணையத்தின் மிக உயர்ந்த அனுமதி இருக்க வேண்டும் என்று பொருள். இருக்கிறதா என்பதை ஆணையத்தின் பட்டியலில் எவரும் சரிபார்க்கலாம்.

தீயணைப்புத் துறையின் குறிப்பேடு

2023 ஆகஸ்டு 10 அன்று ஆணையம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கு வேறுபாட்டில், க்ரூஸ், வேமோ ஆகிய இரு நிறுவனங்களும் சான் பிரான்சிஸ்கோ முழுவதிலும் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணச் சேவை நடத்தலாம் என்று முடிவு செய்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு அந்நகரத்தின் தீயணைப்புத் துறைத் தலைவர் ஆணையத்தின் முன் தோன்றி, இக்கார்கள் தம் பணியில் குறுக்கிட்ட 55 நிகழ்வுகளை அவ்வாண்டில் தம் துறை பதிவு செய்திருப்பதாகத் தெரிவித்திருந்தார். தீயணைப்பு வண்டியை மறித்து நின்றமை, பணி நடக்கும் இடத்துக்குள் நுழைந்தமை போன்றவை அவற்றில் அடங்கும். பதிவுகள் இருந்தன, ஆனாலும் அனுமதி கிடைத்தது. ஒரு நகரத்தின் குரல் மாநிலத்தின் முன் எவ்வளவு எடை பெறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அந்தக் குறிப்பேடு வீண்போகவில்லை. 2024 செப்டம்பரில் ஆளுநர் கையொப்பமிட்ட 1777ஆம் எண் சட்டத்தில் அதன் தடம் தெரிகிறது. 2026 ஜூலை 1ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட அச்சட்டத்தின்படி, மனிதர் இல்லாத வாகனங்களை இயக்கும் நிறுவனம், அவசரப் பணியாளர்கள் எந்நேரமும் அழைக்கக்கூடிய தனித் தொலைபேசி இணைப்பை வைத்திருக்க வேண்டும். வாகனத்தின் அருகே நிற்கும் தீயணைப்பு வீரரோ காவலரோ தொலைவில் இருக்கும் நிறுவனப் பணியாளருடன் நேரடியாகப் பேசும் கருவியும் வாகனத்தில் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் தீ, வெள்ளம், துப்பாக்கிச் சூடு போன்ற நெருக்கடி ஏற்பட்டு அந்த எல்லையைத் தவிர்க்குமாறு அதிகாரிகள் செய்தி அனுப்பினால், இரண்டு நிமிடங்களுக்குள் தன் வாகனங்கள் அனைத்துக்கும் நிறுவனம் கட்டளை அனுப்பியாக வேண்டும்.

இரண்டு நிமிடம் என்பது சிறிய காலம்போலத் தோன்றும். எரியும் வீட்டின் முன் நிற்பவருக்கு அது சிறியதன்று. எனினும் எந்தக் கால வரம்பும் இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே.

விபத்தா, மறைப்பா?

கலிபோர்னியாவின் விதிகள் எதை உயிர்நாடியாகக் கருதுகின்றன என்பதை அறிய, க்ரூஸ் நிறுவனத்தின் வீழ்ச்சியைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

2023 அக்டோபர் 2ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை, மனிதர் ஓட்டிய கார் ஒன்று மோதியது. மோதிய வேகத்தில் அவர் அடுத்த தடத்தில் வந்துகொண்டிருந்த க்ரூஸ் காரின் முன் வீசப்பட்டார். முதல் காரை ஓட்டியவர் நிற்காமல் சென்றுவிட்டார். க்ரூஸ் கார் அப்பெண்ணின்மீது மோதி நின்றது. இதுவரை நடந்ததற்கு அந்நிறுவனத்தின்மீது பெரும் பழி சுமத்த முடியாது என்று வாதிட இடமுண்டு. ஆனால் நின்ற கார், சாலையோரம் ஒதுங்கும் நோக்கில் மீண்டும் நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்த பெண்ணை ஏறத்தாழ 20 அடி தூரம் இழுத்துச் சென்றது.

அக்டோபர் 24 அன்று டி.எம்.வி. க்ரூஸின் ஓட்டுநரில்லா அனுமதிகளை நிறுத்திவைத்தது. அந்த ஆணை கூறிய காரணங்களுள் ஒன்று, வாகனத்தின் இயக்கம் பொதுமக்களுக்குப் பாதுகாப்பானதன்று என்பது. மற்றொன்று, நிறுவனம் பாதுகாப்பு பற்றிய தகவலைத் திரித்துக் கூறியது என்பது. முதல் சந்திப்பில் தமக்குக் காட்டப்பட்ட காணொளி கார் நின்ற இடத்தோடு முடிந்ததாகவும், இழுத்துச் சென்றதை வேறோர் அரசு அமைப்பின் வழியாகவே அறிந்ததாகவும் டி.எம்.வி. தெரிவித்தது. முழுக் காணொளியையும் காட்டியதாக நிறுவனம் அப்போது கூறியது. பின்னர் வந்தவை அடுக்கடுக்கான தண்டனைகள்: பொதுப் பயன்பாட்டு ஆணையம் 1,12,500 டாலர், கூட்டாட்சி அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 15 லட்சம் டாலர், விசாரணையைத் தடுக்கும் வகையில் பொய்யறிக்கை அளித்ததற்காகக் கூட்டாட்சி நீதித்துறையின் வழக்கில் 5 லட்சம் டாலர். 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வாடகைக் கார் முயற்சிக்கு நிதியளிப்பதையே நிறுத்திக்கொண்டது.

மனித ஓட்டுநரை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இயந்திரத்தை அவ்வாறு கேட்க இயலாது; அது விட்டுச்செல்லும் தரவைத்தான் கேட்க இயலும். ஆகவே ஓட்டுநர் அமர்ந்திருந்த இடத்தில் மாநிலச் சட்டம் தகவலை அமர்த்தியிருக்கிறது. மோதலுக்கு முந்தைய குறைந்தது 30 விநாடிகளின் உணரித் தரவைப் பதியும் தனிக் கருவி வாகனத்தில் இருக்க வேண்டும். அத்தரவை மூன்று ஆண்டுகள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சோதனை அனுமதியில் ஓடும் வாகனத்தால் சொத்துச் சேதமோ காயமோ நேர்ந்தால் பத்து நாட்களுக்குள் டி.எம்.வி.க்கு அறிக்கை அளிக்க வேண்டும். அவ்வறிக்கைகளை டி.எம்.வி. தன் இணையதளத்தில் வெளியிடுகிறது, எவரும் படிக்கலாம். இந்தக் கட்டமைப்பில் மறைப்பு என்பது விபத்தைவிடப் பெரிய குற்றமாகிவிடுவதில் வியப்பில்லை.

‘இயக்குபவர்’ என்ற சொல்

2012ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவர்கள் ஓட்டுநரில்லா நிலையை எண்ணிப் பார்க்காமல் இல்லை. தானியங்கி வாகனத்தை இயக்குபவர் என்பவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவர். அவ்விருக்கையில் எவரும் இல்லையெனில், தானியங்கித் தொழில்நுட்பத்தைச் செயல்படத் தூண்டியவர். இதுவே அச்சட்டத்தின் வரையறை. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. பின்னிருக்கையில் அமர்ந்து ‘பயணத்தைத் தொடங்கு’ என்ற பொத்தானை அழுத்தும் பாட்டியம்மாள் ‘தூண்டியவர்’ ஆவாரா என்று சட்ட மாணவர் ஒருவர் குறும்பாகக் கேட்கக்கூடும். காரை அனுப்புவதும், கண்காணிப்பதும், நிறுத்துவதும் நிறுவனமே என்பதால் அக்கேள்விக்கு ‘இல்லை’ என்பதே அறிவுக்குப் பொருந்தும் விடை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சாலையில் நகரும்போது செய்யும் மீறலுக்கான அபராதச் சீட்டு, ஓட்டும் மனிதருக்கு எழுதப்படுவது. நிறுத்துமிட அபராதத்துக்கு அந்தத் தடை இல்லை; அது வாகனத்தின் பதிவு உரிமையாளருக்குப் போகும். 2024இல் மட்டும் சான் பிரான்சிஸ்கோவில் வேமோ கார்கள் 589 நிறுத்துமிட அபராதங்களைப் பெற்றன. ஆக, தவறான இடத்தில் நின்றால் அபராதம் உண்டு; தவறாகத் திரும்பினால் இல்லை என்ற விசித்திர நிலை நிலவியது. மேலே கூறிய 1777ஆம் சட்டம் அதற்கும் ஒரு வழி காண்கிறது. மீறலைக் காணும் காவலர் ‘தானியங்கி வாகன விதிமீறல் அறிவிப்பு’ ஒன்றை நிறுவனத்துக்கே வழங்கலாம். நிறுவனம் அதை டி.எம்.வி.க்குத் தெரிவிக்க வேண்டும். இது அபராதச் சீட்டு அன்று, உடனடியாகப் பணம் கட்டவும் வேண்டியதில்லை என்ற குறை சொல்லப்படுகிறது. குறை நியாயமானது. ஆனால் அனுமதியையே நிறுத்தும் அதிகாரம் உள்ள துறையின் கோப்பில் அறிவிப்புகள் சேர்வது, சில நூறு டாலர் அபராதத்தைவிட ஒரு பெருநிறுவனத்துக்கு அச்சம் தரக்கூடியது.

மனிதர் ஒருவர் இருக்கையில் இருக்கும்போது பழி எங்கே விழும் என்பதற்கு அண்டை மாநிலமான அரிசோனா ஓர் எடுத்துக்காட்டு. 2018 மார்ச்சில் டெம்ப்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த ஒரு பெண் உயிரிழந்தார். நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடுக்க ஆதாரமில்லை என்று அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். இருக்கையில் இருந்த பாதுகாப்பு ஓட்டுநரின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

சொந்தக் காரில் உள்ள வசதி வேறு

மேற்கண்ட வழக்கு இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் நேரடியாகப் பொருந்தும். தடத்தைவிட்டு விலகாமல் தானே திருப்பும், முன்செல்லும் வாகனத்துக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்கள் இன்று பலரிடம் உள்ளன. அவற்றின் விளம்பரப் பெயர் எதுவாயினும், மனிதர் தொடர்ந்து கவனித்தாக வேண்டிய அமைப்பு சட்டத்தின்படி ஓட்டுநர் உதவி மட்டுமே. தானியங்கி வாகனம் அன்று. 50 லட்சம் டாலர் காப்பீடு, தரவுப் பதிவு, நிறுவனப் பொறுப்பு ஆகிய எதுவும் அங்கே வாரா. சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் இருக்கையில் அமர்ந்தவருக்கே. மது அருந்திவிட்டு ‘கார்தான் ஓட்டியது’ என்று கூறுவது நீதிமன்றத்தில் எடுபடாது. உதவி அமைப்பை முழுத் தானியங்கி வாகனம் என்று வாங்குபவர் நம்பும்படி பெயரிடுவதையும் விளம்பரப்படுத்துவதையும் 2023 முதல் கலிபோர்னியாச் சட்டம் தடை செய்கிறது. அத்தடையே அக்குழப்பம் எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டுகிறது.

பயணியாகவும் பாதசாரியாகவும்

பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் நீச்சல் பயிற்சிக்கும் ஓட்டுநரில்லாக் காரில் தனியே அனுப்பலாமா என்ற கேள்வி வேலைக்குச் செல்லும் பெற்றோரிடமிருந்து எழுகிறது. கலிபோர்னியாவில் இச்சேவைக்கான ஆணைய அனுமதி, 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர் துணையின்றி ஏற்றிச் செல்ல இடமளிப்பதில்லை. அரிசோனாவில் பதின்ம வயதினருக்குத் தனிக் கணக்கு உண்டு என்பதை வைத்து இங்கும் அவ்வாறே என்று கருத வேண்டாம். தம் கணக்கில் முன்பதிவு செய்து பிள்ளையை மட்டும் ஏற்றி அனுப்புவது சேவை விதிகளுக்குப் புறம்பானது. காரின் உட்புறக் கேமராவில் அது தெரியவும் செய்யும். கைபேசிச் செயலியைப் பயன்படுத்தத் தெரியாத முதியவர் தனியே செல்வதானால், தொலைவிலுள்ள பணியாளரை அழைக்கும் பொத்தான் காரில் எங்கே உள்ளது என்பதை முன்கூட்டியே காட்டிவைப்பது நல்லது.

2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பெரும் மின்தடை ஏற்பட்டபோது, அணைந்த சமிக்ஞை விளக்குகளின் அருகே பல வேமோ கார்கள் நின்றுவிட்டன. நிறுவனம் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தியது. விளக்கு அணைந்த சந்திப்பில் ஒவ்வொருவரும் முழுதாக நின்று, முறைப்படி செல்ல வேண்டும் என்பது மனிதருக்கான விதி. அசையாமல் நிற்கும் காரை முந்த முயலும்போது அதன் முன்புறமாகப் பாதசாரி எவரேனும் கடக்கிறாரா என்பதைக் கவனிப்பது அவசியம்.

மோதல் நேர்ந்தால் செய்ய வேண்டியவை பெரும்பாலும் வழக்கமானவையே. காயம் இருந்தால் 911ஐ அழைக்க வேண்டும். காரின் பதிவெண், நிறுவனப் பெயர், அதன் உடலில் எழுதப்பட்டுள்ள அடையாள எண், இடம், நேரம் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். காவல்துறை அறிக்கை எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். பலரும் மறப்பது ஒன்று உண்டு: எவருக்கேனும் காயமோ, 1,000 டாலருக்கு மேற்பட்ட சேதமோ ஏற்பட்டால், எதிர்த்தரப்பு இயந்திரமே ஆனாலும், தம் காரை ஓட்டியவர் பத்து நாட்களுக்குள் டி.எம்.வி.யிடம் எஸ்.ஆர்.-1 படிவம் அளிக்க வேண்டும். அளிக்காவிடில் அவரது உரிமமே நிறுத்தப்படலாம்.

அதன்பின் நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் ஒரு கடிதம் அனுப்பி, விபத்து தொடர்பான கேமராப் பதிவுகளையும் உணரித் தரவையும் பாதுகாக்குமாறு கேட்பது நல்லது. மூன்றாண்டுக் காப்புக் கடமை சட்டத்திலேயே இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றலாம். கடமை 30 விநாடித் தரவுக்கு. கடிதம் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றுக்கு. க்ரூஸ் நிகழ்வில் எல்லாவற்றையும் மாற்றியது மோதலுக்குப் பின்வந்த சில விநாடிகளே. உடற்காயத்துக்கு இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்கப் பொதுவாக இரண்டு ஆண்டுகளும், சொத்துச் சேதத்துக்கு மூன்று ஆண்டுகளும் கால வரம்பு. 12,500 டாலர் வரையிலான தனிநபர் கோரிக்கைகளைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே தொடுக்கலாம். காயமடைந்தவர் அதே காரின் பயணியாக இருந்தால், செயலியில் அவர் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளில் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் செல்லும் பிரிவு உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சாலையில் நடந்து சென்றவரை அவ்விதிமுறைகள் கட்டுப்படுத்தா.

குறை கூறும் இடம்

2024இல் நகரங்களுக்கும் இவ்வாகனங்கள்மீது ஓரளவு அதிகாரம் அளிக்க முன்வைக்கப்பட்ட 915ஆம் எண் மசோதா சட்டமாகவில்லை. ஆகவே கார் விதியை மீறியது, பாதசாரிக் கடப்பில் வழிவிடவில்லை போன்ற புகார்கள் டி.எம்.வி.க்கும், கட்டணம், பயணி பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிக்கு மறுக்கப்பட்ட சேவை போன்றவை பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கும் செல்ல வேண்டும். வழிகாட்டி நாயுடன் வரும் பார்வையற்றவரை ஏற்ற மறுப்பது கூட்டாட்சிச் சட்டத்துக்கும் எதிரானது. காரை உடைப்பதோ மறித்து நிற்பதோ குற்றமாகும். ஆத்திரத்துக்கு அது வடிகாலாகலாம், ஆனால் அதைப் பதிவு செய்யும் கேமராக்கள் அக்காரிலேயே உள்ளன.

ஒரு நிறுவனம் புதிய பகுதிக்கு விரிவடைய விரும்பும்போது ஆணையத்துக்கு ‘அறிவுறுத்தல் கடிதம்’ எனப்படும் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறது. சமர்ப்பித்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் எவரும், தனிமனிதரும்கூட, எழுத்துமூலம் ஆட்சேபமோ ஆதரவோ தெரிவிக்கலாம். 2024 தொடக்கத்தில் வேமோ தீபகற்பத்துக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் விரிவடைய விண்ணப்பித்தபோது சான் மட்டேயோ கவுண்டி எதிர்ப்புத் தெரிவித்தது. ஆணையம் விண்ணப்பத்தைச் சிறிது காலம் நிறுத்திவைத்து, மார்ச் 1 அன்று ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பு வெல்லவில்லை என்றாலும், விண்ணப்பம் கேள்வியின்றிக் கடந்துபோகவும் இல்லை. ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்ற ஒற்றை வரியைவிட, இன்ன தேதியில், இன்ன தெருவில், பள்ளி விடும் நேரத்தில் இன்னது நடந்தது என்று எழுதும் கடிதத்துக்கே அங்கு மதிப்பு. ஆங்கிலத்தில் எழுத இயலாதவர்கள் மொழிபெயர்ப்பு உதவியை நாடலாம்; 20 நாள் வரம்புக்குள் மொழிபெயர்ப்புக்கும் நேரம் வேண்டும் என்பதால், கடைசி வாரம்வரை காத்திராமல் தருவது நல்லது.